கழுவாத பலகை

டெனிஸ் இரிகாராய்க்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்று அந்தச் சின்ன விமான நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. குளிக்கும்போது காலடியில் வாளி வைத்துக் குளிப்பாள். அந்தத் தண்ணீர் தக்காளிச் செடிக்குப் போகும். கழிப்பறையில் சிறுநீருக்கெல்லாம் தண்ணீர் விடாதே என்பது வறட்சி வந்ததிலிருந்து கலிபோர்னியாவில் ஊருக்கு ஊர் எழுதாத சட்டம்தான். ஆனால் அதை விருந்தாளியிடம் வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான். விமானக் கொட்டகையில் இருந்த ஒரே குழாய்க்கு மேல் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவளும் இவள்தான்: "திறக்கும் முன் யோசி. கீழே ஒருவன் வயல் காய்கிறது."

விமானி ஓரின் ஒருநாள் விமானத்தின் வயிற்றுக் கண்ணாடியைக் கழுவக் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“ஏன் ஓரின், உங்க அப்பா வெட்டி வச்ச கிணறா அது?”

“தண்ணி இன்ஸ்பெக்டரம்மா, கண்ணாடி அழுக்கா இருந்தா உன் கருவிக்குத்தான் கண்ணு தெரியாது.”

“ஈரத்துணியால தொடை. போதும்.”

“சரி தாயி. நாளையிலேர்ந்து எச்சில் தொட்டுத் தொடைக்கிறேன்.”

அதற்குப் பிறகு அவன் காப்பிக் கோப்பையைக் கழுவப் போனாலும் அட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் குழாயைத் தொடுவான். டெனிசும் சிரிப்பாள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வறட்சியின் மூன்றாவது வருஷம் அது. சியெரா மலைக்கு மேற்கே அணைகளெல்லாம் அடிவயிறு தெரியக் கிடந்தன. கிழக்கே, டெனிஸ் பிறந்து வளர்ந்த பக்கத்தில், பல ஓடைகளுக்கு அணையே கிடையாது. மலைமேல் கிடக்கிற பனிதான் அணை. அது பொறுமையாக உருகினால் ஜூலை வரை ஓடையில் தண்ணீர் வரும், புல் வளரும், வெட்டிக் கட்டி வைக்கலாம். அவசரப்பட்டு உருகினால், புல் வேர் விடுவதற்குள் தண்ணீர் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் பனியை வானத்திலிருந்து அளப்பது டெனிசின் வேலை. இரட்டை எஞ்சின் விமானம். மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் செருகிக்கொண்டு, வயலை உழுகிற மாதிரி மலைக்கு மேலே போவதும் திரும்புவதுமாகப் பறப்பார்கள். விமானத்தின் வயிற்றில் இரண்டு கருவிகள். ஒன்று லேசரைக் கீழே விட்டுப் பனியின் ஆழத்தை அளக்கும். மற்றது பனியின் வெளுப்பைப் பார்க்கும். வெளுத்த பனி வெயிலைத் திருப்பி அடித்துவிடும். அழுக்குப் பனி வெயிலைக் குடித்து உருகிப் போகும். ஆழம் தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். வெளுப்பு தெரிந்தால் அது எப்போது வரும் என்று தெரியும்.

தராசுக்குப் படிக்கல் மாதிரி, வெளுப்பை அளப்பதற்கும் ஒன்று வேண்டும். அதுதான் வெள்ளைப் பலகை. சாப்பாட்டுத் தட்டு அகலம், சுண்ணாம்புக் கட்டி போன்ற மேனி. மனிதன் செய்ததில் அதைவிட வெளுப்பான ஒன்றைப் பார்ப்பது கடினம். பறக்கிற நாளில் ஓடுதளத்தின் ஓரமாக ஒரு சாம்பல் நிறப் படுதாவை விரித்து, முதலில் பலகையையும் பிறகு படுதாவையும் கைக்கருவியால் அளந்து வைப்பார்கள். மேலே போகிற விமானம் அதே படுதாவைப் பார்த்துத் தன் கண்ணைச் சரிசெய்துகொள்ளும். ஆக எல்லாக் கணக்கும் கடைசியில் அந்தப் பலகையின் தலையில்தான் நிற்கிறது.

அதனால் அதை விரலால் தொடக் கூடாது. அழுக்கானால் துடைக்கவும் கூடாது. துடைத்தால் தூசி அதன் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடுகிற தண்ணீரில் பிடித்து, நைசான உப்புத்தாளால் மேல்தோலைத் தேய்த்தெடுக்க வேண்டும். குறைந்தது ஒரு வாளி தண்ணீர் போகும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடம் எடுப்பவளே டெனிஸ்தான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை. முந்தின நாள் வறண்ட ஏரிப் பக்கமிருந்து காற்று சுழற்றி அடித்திருந்தது. பலகை இருந்த பெட்டியின் மூடி சரியாகப் பதியவில்லை. திறந்து பார்த்தாள், மேலே மெல்லிய தூசி, கோலமாவில் பாதி கூட இருக்காது. பலகையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயில் கை வைத்தாள்.

ஓரின் அங்கே சுவரில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். புருவத்தை மட்டும் மேலே தூக்கி, அவளையும் பார்த்தான், அட்டையையும் பார்த்தான்.

டெனிஸ் கையை எடுத்துவிட்டாள். மேல்சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்து, பலகையை இரண்டு இழுப்பு இழுத்தாள். தூசி மறைந்தது. “பரவாயில்ல, இதுவே போதும்,” என்று யாருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஓரின் அட்டைக்கு ஒரு கும்பிடு போட்டான். இருவரும் சிரித்துக்கொண்டே விமானத்துக்குப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மிஷல் வீட்டில் சாப்பாடு. அவளைவிட எட்டு வயது மூத்தவன். தாத்தா ஐரோப்பாவின் பிரெனீஸ் மலையிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். அப்பா ஆட்டை விற்று மாடு வாங்கியவர். மிஷல் அந்த மாடுகளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவன். மற்ற பண்ணைக்காரர்களுக்கு மாட்டின் காதில் இருக்கிற எண் தெரியும். இவனுக்கு எண் தெரியாது, உறவுமுறைதான் தெரியும். “அவளா? காது கிழிஞ்சவளோட பேத்தி. இவ சின்னம்மாதான் அன்னிக்கு வேலியைத் தாண்டினவ,” என்பான், சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற குரலில்.

பூண்டு போட்ட ஆட்டுக்கறி, பீன்ஸ் சூப், லெட்டி சுட்ட பெரிய ரொட்டி. லெட்டி மிஷலின் மனைவி. குறைவாகப் பேசுவாள், பேசினால் தைக்கும்.

“அந்த ஐடஹோ பண்ணைக்காரன் மறுபடி போன் பண்ணினான்,” என்றான் மிஷல். “பாதி மந்தையைக் கன்னோட எடுத்துக்கிறானாம். அவன்கிட்ட புல் இருக்கு. கசாப்புக்கு இல்ல, வளக்கத்தான். மே கடைசி வரைக்கும் நமக்கு இடம் வச்சிருக்கேங்கறான்.”

“நீ என்ன சொன்ன?”

“என் தங்கச்சி மேல பறந்துட்டு வந்திருக்கா, கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்.”

“கேளு, கேளு,” என்றாள் லெட்டி. “வானத்துலேர்ந்து பாத்தவங்க சொன்னா தப்பாவா இருக்கப் போவுது.” அது மெச்சலா குத்தலா என்று எப்போதும் போலத் தெரியவில்லை.

“கணக்கை இன்னும் வெரா பாக்கல. வெளிய சொல்லக் கூடாது,” என்றாள் டெனிஸ். வெரா அவர்கள் குழுவின் தலைவி, மலைக்கு அந்தப் பக்கம் நகரத்தில் இருப்பவள்.

“நான் வெளியவா இருக்கேன்? சமையக்கட்டுல உக்காந்திருக்கேன்.”

டெனிஸ் சிரித்துவிட்டாள். சிரித்தபின் சொல்லாமல் இருப்பது கஷ்டம். “பனி கம்மிதான் மிஷல். ஆனா நான் நெனச்சதைவிட வெளுப்பா இருக்கு. மெதுவாத்தான் உருகும். ஜூலை நாலு வாணவேடிக்கை வரைக்கும் ஓடையில தண்ணி இருக்கும்.”

“ஒரு தடவை புல்லு அறுத்துடலாமா?”

“அறுத்துடலாம்.”

“அப்ப விக்க வேணாம்?”

கண்ணாடித் துணி அவளுக்கு ஒரு கணம் ஞாபகம் வந்தது. வந்த வழியே போயும்விட்டது. “விக்க வேணாம்,” என்றாள்.

மிஷல் எழுந்து போய் ஜன்னல் வழியாக மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். முகமே மாறிவிட்டது. அவள் தட்டில் இன்னொரு துண்டுக் கறியைப் போட்டான்.

மே மாத நடுவில் அவன் போன் செய்தான். “ஓடை என்னமா கத்துது தெரியுமா? ராத்திரி தூக்கம் வரல.”

“நாலு நாள் நல்ல வெயில், அதான். அடங்கிடும்,” என்றாள் டெனிஸ். ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் சத்தம் போட்டால் மகிழ்கிறவர்கள் ஊரில் குடியிருப்பவர்கள். பண்ணையில் பிறந்தவர்களுக்கு அது மே மாதத்தில் கேட்கக் கூடாத சத்தம்.

அடுத்த பறப்புக்கு ஆய்வகத்திலிருந்து புதுப் பலகை ஒன்று வந்திருந்தது. வழக்கப்படி பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. புதியது பால் மாதிரி இருந்தது. பழையது மோர் மாதிரி இருந்தது.

தனியாகப் பார்த்தபோது அதுவும் பால்தான். பக்கத்தில் வைத்தால்தான் தெரிகிறது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டையும் அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். எண்கள் அசையவில்லை. தேய்ந்த படிக்கல்லை வைத்து நிறுத்தால் சரக்கு கூடுதலாகக் காட்டும். மங்கின பலகையை வைத்து அளந்தால் பனி கூடுதல் வெளுப்பாகக் காட்டும். ஏப்ரலில் அவள் பார்த்தது நல்ல பனி இல்லை. வறண்ட ஏரியின் தூசி ஏற்கெனவே படிந்து, வெயிலைக் குடிக்கக் காத்துக்கொண்டிருந்த பனி. ஜூலை என்று அவள் சொன்னது உண்மையில் ஜூன் ஆரம்பம்தான்.

“என்ன இன்ஸ்பெக்டரம்மா, மொகம் வெளுத்துப் போச்சு?” என்றான் ஓரின். “அந்தப் பலகையைவிட நீ வெள்ளையா இருக்க.”

“தலைவலி,” என்றாள்.

மேலே போனார்கள். கீழே பாறைகள் கறுப்புக் கறுப்பாகத் தலை நீட்டியிருந்தன. அண்ணனின் ஓடை பிறக்கிற பள்ளத்தாக்கில் பனி கந்தலாகிக் கிடந்தது. அதன்மேல் விமானம் போய்ப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் வெரா போனில் ஒரே உற்சாகம். “எவ்ளோ வேகமா கறுத்திருக்கு பாத்தியா? ரெண்டு பறப்புக்கு நடுவுல பெரிய தூசிக்காத்து ஒண்ணு அடிச்சிருக்கணும். இதை ஒரு கட்டுரையாவே எழுதலாம் டெனிஸ்.”

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று டெனிஸ் நினைத்தாள். “இருக்கலாம்,” என்று சொன்னாள்.

அந்த ஒரு சொல்லைச் சொன்ன வாயை அவள் பிறகு எத்தனையோ முறை சபித்திருக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி காற்றின்மேல் போய் விழுந்தது, ஊரிலும் அதுவே பேச்சாயிற்று. காற்றுக்கு வாயில்லை, மறுக்காது. பாவத்தை இவள் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மே முடிய இன்னும் நாள் இருந்தது. ஐடஹோக்காரன் இன்னும் இடம் வைத்திருந்தான். அவள் செய்ய வேண்டியது ஒரு போன், அவ்வளவுதான். 'மிஷல், நான் சொன்னது தப்பு, அவனைக் கூப்பிடு.' அவள் போனை எடுப்பாள். இன்னொரு முறை கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று வைப்பாள். ஒரு மழை வந்தால் என்று நினைப்பாள். கிழக்குச் சரிவில் மே மாதத்தில் எந்தக் காலத்தில் மழை பெய்திருக்கிறது? அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் தினமும் வானத்தைப் பார்த்தாள். ஒருநாள் மிஷலே கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. சத்தம் நிற்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்படியே மே கழிந்தது. பயந்தவர்களுக்கு நாள் கழிவது தெரியாது.

ஜூன் பிறந்தபோது ஓடை குரலை அடக்கிக்கொண்டது. ஒரு வாரத்தில் கல் தெரிந்தது. புல் முழங்காலுக்குக்கூட வராமல் பழுத்தது. மிஷல் ஐடஹோக்காரனைக் கூப்பிட்டான். அவன் நல்லவன்தான், வருத்தப்பட்டான். ஆனால் அவன் புல்வெளி வேறு யாரோ ஒருவரின் மாடுகளால் நிரம்பிவிட்டிருந்தது.

இனி மந்தை முழுவதற்கும் இருந்தது ஏலச்சந்தைதான். வறட்சியில் எல்லோரும் விற்கிற சந்தையில் வளர்க்க வாங்குகிறவன் வரமாட்டான். கசாப்புக்காரன்தான் வருவான்.

டெனிஸ் வெராவுக்கு எல்லாவற்றையும் எழுதினாள். அழுக்குப் பலகை, துணி, இரண்டு பலகைகளின் அளவுகள், ஒன்றையும் மறைக்கவில்லை. வேலை போகும் என்று எதிர்பார்த்தாள். உண்மையைச் சொன்னால், போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெரா உடனே கூப்பிட்டாள். குரலில் கோபமே இல்லை. “கட்டுரை போச்சே,” என்று சிரித்தாள். “சரி விடு, ஆனைக்கும் அடி சறுக்கும். நல்லவேளை ரெண்டையும் அளந்து வச்சிருந்த. ஏப்ரல் வரைபடத்தைத் திருத்திடலாம். மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்.”

முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஏப்ரல் மாதப் பனி கணினியில் சரியான நிறத்துக்கு வந்துவிட்டது. வெரா நன்றி சொல்லிக் கடிதம்கூட எழுதினாள். டெனிஸ் அதைப் படித்துவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போய் அழுதாள். யாராவது ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏப்ரல் மாதத்தைத் திருத்தி விட்டார்கள். காது கிழிந்தவளின் பேத்தியைத் திருத்த எந்தக் கணினியில் வழி இருக்கிறது?

லாரி வருகிற அன்று அவள் விடியும்போதே பண்ணைக்குப் போனாள். பழைய பலகை வண்டியின் பின்னிருக்கையில் பெட்டிக்குள் கிடந்தது. கழுவவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. வாரக்கணக்காக அதை ஏற்றிக்கொண்டே திரிகிறாள்.

மாடுகளைத் தொழுவத்துக்குள் சேர்த்திருந்தார்கள். நாய்கள் குரைத்துக் களைத்திருந்தன. பக்கத்துப் பண்ணை ஹார்லன் உதவிக்கு வந்திருந்தான். அவன் ஏப்ரலிலேயே தன் மந்தையில் பாதியை விற்றவன்; வேலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

“நமக்கெல்லாம் வானத்துல ஆளு இல்லப்பா,” என்றான். “அதான் பொழச்சோம்.”

“வாயை மூடு ஹார்லன்,” என்றான் மிஷல். “டெனிஸ் பாத்தது சரிதான். அதுக்கப்புறம் காத்தடிச்சு தூசியைக் கொண்டாந்து கொட்டிச்சு. காத்தை எந்தக் கருவி முன்கூட்டிப் பாக்கும்? என் தங்கச்சி சின்ன வயசுலேர்ந்து ஒரு கூட்டல் தப்பா போட்டதில்ல.”

டெனிஸ் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஹார்லனின் குத்தலை அவளால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

சாய்தளத்தில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. கன்றுகள் தனி அடுக்கு, தாய்கள் தனி அடுக்கு. மிஷல் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் முதுகில் தட்டி ஏற்றினான். ஒன்றையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை, உறவு சொல்லவில்லை. லெட்டி வாசல்படி வரை வந்தாள், பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லாரி கிளம்பிச் சாலை வளைவில் மறைந்த பிறகும் கன்றுகளின் கத்தல் கொஞ்ச நேரம் கேட்டது. ஹார்லன் தொப்பியைத் தொட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போனான்.

மிஷல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். “நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத டெனி,” என்றான். “யாரு மேலயும் தப்பில்ல. காத்து.”

“காத்து இல்ல மிஷல். நான்.”

“என்ன நீ?”

சொன்னாள். படிக்கல், தூசி, துணி. தராசு பற்றி மாட்டுக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

“அதைக் கழுவ எவ்ளோ தண்ணி ஆகும்?”

“ஒரு வாளி.”

“ஒரு வாளி,” என்றான். “ஏன் கழுவல? வறட்சின்னு மிச்சம் பிடிச்சியா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் மன்னித்திருப்பான். வயல் காய்கிறவனுக்காகத் தண்ணீரை மிச்சம் பிடித்த தங்கை. அதில் கோபப்பட என்ன இருக்கிறது? அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

“இல்ல. விமானி நின்னு பாத்துட்டிருந்தான். அட்டை எழுதி ஒட்டினவ நான். நானே தொறந்தா சிரிப்பானேன்னு இருந்துச்சு.”

மிஷல் தலையாட்டினான். காலியான தொழுவத்தைப் பார்த்தான். “சரி,” என்றான். “எல்லாரும்தான் தப்பு பண்றோம். நான் பண்ணாததா.” எழுந்திருக்கப் போனவன் நின்றான். “இது உனக்கு எப்ப தெரிஞ்சுது?”

டெனிஸ் தொட்டித் தண்ணீரைப் பார்த்தாள்.

“டெனி. நான் உனக்குப் போன் பண்ணினேனே, எடுக்கலியே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“ஐடஹோக்காரன் எடம் வச்சிருந்தப்பவே.”

“ஆமா.”

அவன் கத்தவில்லை. கத்துவான் என்று அவள் பயந்திருந்தாள். கத்தாதபோதுதான் பயம் உண்மையிலேயே வந்தது. அவன் தொப்பியைத் தலையில் வைத்தான். “அந்தப் பலகை எங்க?”

“வண்டியில.”

“எடுத்துட்டு வா.”

எடுத்து வந்தாள். பெட்டியைத் திறந்து, உப்புத்தாளையும் எடுத்தாள். மிஷல் வேலியில் மாட்டியிருந்த வாளியை எடுத்துத் தொட்டியில் முக்கி நிரப்பினான்.

“ஒக்காரு,” என்றான். “கழுவு.”

அவள் மண்ணில் மண்டியிட்டுப் பலகையைச் சாய்த்துப் பிடித்தாள். அவன் மேலிருந்து ஊற்றினான், அவசரமில்லாமல், ஒரே கனத்தில். அவள் வட்டமாகத் தேய்த்தாள். வெண்மையான நீர் பலகையிலிருந்து வழிந்து, மாடுகளின் குளம்புத் தடங்களில் தேங்கியது. வாளி காலியாகும்போது பலகை பளிச்சென்று ஆகிவிட்டது. ஏப்ரலில் இருந்திருக்க வேண்டிய வெள்ளை. அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

அவன் இரண்டாவது வாளியை நிரப்பினான்.

“போதும் மிஷல்.”

“தேய்.”

“வெள்ளையாயிடுச்சு, பாரு. தண்ணி வீணாப் போவுது.”

“காலைல அதுங்க குடிச்சிட்டுப் போகட்டும்னு ரொப்பி வச்சேன். ஏறுற அவசரத்துல ஒண்ணும் குடிக்கல.” அவன் அவளைப் பார்க்காமல் ஊற்றினான். “இனிமே யாரு குடிக்கப் போறா. தேய்.”

அவள் தேய்த்தாள். அவன் அடுத்த வாளிக்குத் தொட்டிப் பக்கம் திரும்பினான்.